மற்றவை

காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை
சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு எதிரில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அட்டை,
கட்டைவிரலுக்கு ஒரு கிளிக்கர்.
கூலி அறுநூற்றைம்பது. மதியச் சாப்பாடு நம் பொறுப்பு.
ரோட்டைக் கடக்கிறவர்களை எண்ணவேண்டும், அவ்வளவுதான்.

படிவத்தில் ஆறு கட்டம்.
ஆண், பெண், குழந்தை, முதியவர்,
மாற்றுத்திறனாளி, மற்றவை.
நடைமேம்பாலத்துப் படிக்கட்டருகே
நாற்காலிக்குச் சுண்ணாம்பில் இடம் குறித்தார்
இன்ஜினியர் தியாகசுந்தரம்.
"பாலத்துல ஏறுறவங்கள மட்டும் எண்ணுங்க மேடம்."

ஆறரைக்கு ஒருத்தர் ஏறினார்.
பாதியில் நின்று பீடி பற்றவைத்தார்,
புகைத்து முடித்ததும் வந்த வழியே இறங்கிவிட்டார்.
அவரை ஒன்று என்பதா,
அரை என்பதா?

முப்பதடி தள்ளி
ரோட்டு நடுவிலிருக்கும் இரும்புத் தடுப்பில்
இரண்டு கம்பி இல்லை.
ஊரே அதன் வழியாகத்தான் போகிறது.
யார் அறுத்தது என்று கேட்டால்
எல்லோருக்கும் திடீரென்று பஸ் வந்துவிடுகிறது.
மூன்று முறை வெல்டிங் வைத்தார்களாம்,
ஒருமுறையும் வாரம் தாங்கவில்லை.
இப்போது மிச்சக் கம்பியின் முனைகளில்
நைந்த சேலைத்துணி சுற்றியிருக்கிறது,
யார் முழங்கையும் கிழியக்கூடாதென்று.
இதற்கு எந்த டெண்டரும் விட்டிருக்கமாட்டார்கள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
அட்டையின் ஓரத்து வெள்ளையில் கோடு போட ஆரம்பித்தேன்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைப் பையன்கள்
டிபன் டப்பாவை முன்னால் நீட்டி
பக்கவாட்டில் நுழைந்தார்கள்.
பூக்காரியின் கூடை தடுப்புக்கு மேலாகவும்
பூக்காரி சந்து வழியாகவும் கடந்து
மறுபக்கம் போய் ஒன்றுசேர்ந்தார்கள்.
தட்டுவடை செட் விற்கும் பியாரேஜான்
ஜவுளிக்கடைக்கும் வண்டிக்குமாக முப்பத்திரண்டு தடவை,
தட்டிலிருந்து ஒரு பீட்ரூட் துருவல் சிந்தவில்லை.
கல்யாணத்துக்குத் துணியெடுக்க வந்த பதினோரு பேரில்
தாரமங்கலத்து மாமா ஒருத்தர் மாட்டிக்கொண்டார்.
முன்னாலிருந்து கொழுந்தியா இழுக்க,
பின்னாலிருந்து மருமகன் தள்ள,
ஜங்ஷன் டவுன்பஸ் டிரைவரே
வண்டியை நிறுத்தி
தன் வயிற்றையும் சேர்த்து எக்கினார்.

மதியம் எருமை ஒன்று வந்து
சந்தை முகர்ந்து பார்த்தது.
யோசித்தது.
சிக்னல் வரை நடந்துபோய்
வெள்ளைக்கோட்டில் கடந்தது.

நாலு மணிக்கு தியாகசுந்தரம் அட்டையை வாங்கிப் பார்த்தார்.
பாலத்துக் கணக்கு நாற்பத்தொன்று.
ஓரத்தில் எழுதியது ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது.
"இது சேராதுங்க. அந்த ஓட்டை பிளான்லயே இல்ல."
"ஆனா ரோட்ல இருக்குதுங்களே."
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப்பக்கம் டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.
பாலத்தைப் பார்த்தார். ஐம்பத்தாறு படி.
கடிகாரத்தைப் பார்த்தார்.
லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கட்டைவிரலை அழுத்தினேன்.

இருட்டியதும் ஒரு அரைமணி மழை.
ஏற்காட்டு மலைப்பாதை விளக்குகள்
கொஞ்ச நேரம் தெரிந்து பிறகு அணைந்தன, அல்லது மேகம்.
கூட்டம் வடிந்தபிறகுதான்
அந்தச் சத்தம் கேட்டது.
நாற்காலிக்குக் கீழே, கான்கிரீட் பலகைக்கும் கீழே
திருமணிமுத்தாறு.
வழக்கமாக மூக்குக்கு மட்டும் தெரிகிறது.
இன்றைக்குக் கொஞ்சம் மழைத்தண்ணீரோடு
காதுக்கும் வந்திருந்தது.
நான் உட்கார்ந்த பதினாறு மணிநேரமும்
அதுவும் இந்த ரோட்டைக் கடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
பாலத்திலும் ஏறாமல்
சந்திலும் நுழையாமல்.

ஆறாம் கட்டம் காலையிலிருந்து காலியாகக் கிடந்தது.
பேனா ஈரத்தில் எழுதவில்லை, உதறினேன்.
மற்றவை: ஒன்று.
கீழே கையெழுத்து, கா. சௌடேஸ்வரி.
நாற்காலியை மடக்க முடியாது,
தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
சந்து வழியே வீட்டுக்குப் போனேன்.